இணை சேர்த்த முதல் மாதத்தில் பன்றிக்கு எவ்வளவு தீவனம்?

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பண்ணையின் நிலையைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு பெண் பன்றிகளில் ஐந்து முதன்முறையாகச் சினைக்கு விடப்பட்டவை. மற்றவை ஒரு முறையோ இரு முறையோ ஈன்றவை. பொலிப்பன்றியுடன் சேர்த்த நாள் முதல், வயிற்றில் குட்டி இருக்குமே என்ற அக்கறையில் எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு மூன்று கிலோ தீவனம் கொடுத்து வருகிறீர்கள். ஆயினும் இளம் பன்றிகள் ஆறு முதல் எட்டுக் குட்டிகளே ஈனுகின்றன. முதல் ஈற்றில் பத்துக் குட்டி போட்டவை இரண்டாம் ஈற்றில் ஏழு, எட்டுக்கு இறங்கிவிட்டன. இரண்டு பன்றிகள் 21ஆம் நாளிலும் ஒன்று 27ஆம் நாளிலும் மீண்டும் சூட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்துவிட்டன. பன்றி வளர்க்கும் நண்பர் ஒருவர், முதல் மாதம் முழுவதும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்கிறார். அவர் சொல்வது சரிதானா, சத்து மருந்து ஏதேனும் கொடுத்தால் குட்டி எண்ணிக்கை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பன்றிக்கும் மூன்று கிலோ என்பதும் சரியில்லை. எல்லாப் பன்றிக்கும் ஒன்றரைக் கிலோ என்பதும் சரியில்லை. நல்ல உடற்கட்டுடன் முதன்முறை சினைக்கு வந்த இளம் பன்றிக்கும், குட்டிகளுக்குப் பால் கொடுத்து இளைத்துப்போய் இரண்டாம் முறை சினைக்கு வந்த பன்றிக்கும் முதல் மாதத் தேவை நேர் எதிரானது. உங்கள் பண்ணையில் இந்த இரண்டும் ஒரே அளவைத் தின்கின்றன. முதல் வகைக்கு அது அதிகம். இரண்டாம் வகைக்கு மூன்று கிலோ பொருத்தமானதே, ஆனால் அவற்றுக்கு நேர்ந்த இழப்பு இணை சேர்ப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள, இணை சேர்ந்த முதல் மாதத்தில் கருப்பைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இளம் பன்றி ஒரு சூட்டுப் பருவத்தில் ஏறத்தாழ 12 முதல் 16 முட்டைகளையும், ஈன்று பழகிய பன்றி அதைவிட அதிகமாகவும் விடுகின்றன. சரியான நேரத்தில் இணை சேர்ந்தால் அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கருவுற்றுவிடும். ஆகவே ஆறு குட்டி போட்ட பன்றியிடம் ஆறு கருதான் உண்டானது என்று எண்ண வேண்டாம். பன்னிரண்டு கருக்கள் உண்டாகி, பாதி வழியிலேயே மடிந்திருக்கக் கூடும். நன்றாகப் பராமரிக்கப்படும் பண்ணைகளிலும் முதல் 30 நாட்களுக்குள் 20 முதல் 30 விழுக்காடு கருக்கள் அழிவது இயல்பு. அதில் பெரும்பகுதி முதல் 18 நாட்களுக்குள்ளேயே நிகழ்கிறது. அழிந்தவை கருப்பையிலேயே கரைந்து உறிஞ்சப்பட்டுவிடுவதால் வெளியில் ஒரு துளி அடையாளமும் தெரியாது.

கருவுற்ற முட்டைகள் இரண்டு நாட்களில் கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குகின்றன. ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை அவை கருப்பையின் இரு கிளைகளிலும் நகர்ந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இடம்பிடிக்கின்றன. அப்போது அவை எதிலும் ஒட்டியிருப்பதில்லை. கருப்பையின் சுரப்பிகள் ஊற்றும் சத்து நீரில் மிதந்தபடியே வளர்கின்றன. பத்தாம் நாளில் சில மில்லிமீட்டர் உருண்டையாக இருக்கும் கரு, பதினொன்று, பன்னிரண்டாம் நாட்களில் மணிக்கு 30 முதல் 45 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் நீண்டு மெல்லிய இழையாகிறது. பதினாறாம் நாளில் அந்த இழையின் நீளம் ஒரு மீட்டரை நெருங்கிவிடும். கால்நடைகளின் கருவளர்ச்சியில் இதற்கு இணையான வேகத்தை வேறெங்கும் எளிதில் காண முடியாது. நீளும்போதே கருக்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, தாங்கள் இருப்பதைத் தாய்க்கு அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பு போதிய அளவில் வரவில்லையென்றால் சினை நிலைக்காது. பொதுவாக அந்தச் சமயத்தில் குறைந்தது நான்கு கருக்களாவது உயிருடன் இருக்க வேண்டும். 13, 14ஆம் நாட்களில் அவை கருப்பைச் சுவரில் பற்றத் தொடங்குகின்றன.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. எல்லாக் கருக்களும் ஒரே நேரத்தில் நீள்வதில்லை. முந்திக்கொண்ட கருக்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் சூழலையே மாற்றிவிடுகிறது. பிந்தி வளரும் கருக்களுக்கு அந்த மாறிய சூழல் ஒத்துக்கொள்வதில்லை. முட்டைகள் ஒரே சீராக முதிர்ந்து வெளிவந்திருந்தால் கருக்களும் சீராக வளரும், இழப்பு குறையும். முட்டைகளின் தரமும் சீரும் தாய் தின்ற தீவனத்தைப் பொறுத்தவை. ஆனால் அது இணை சேர்வதற்கு முந்தைய வாரங்களில் தின்ற தீவனம்.

கருப்பை அந்தச் சத்து நீரை ஊற்றுவதற்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற திரள் அதைச் சுரக்கிறது. பன்றி அதிகமாகத் தின்னும்போது குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுகிறது. இரத்தத்திலுள்ள புரோஜெஸ்டிரோனைக் கல்லீரல் கூடுதல் வேகத்தில் சிதைத்து வெளியேற்றுகிறது. சேர்த்த முதல் இரண்டு மூன்று நாட்களில் புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்கும் வேளையில் இது நடந்தால், கருப்பை தயாராவது தாமதப்படும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1990களில் இளம் பன்றிகளிடம் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. சேர்த்த மறுநாளே தீவனம் குறைக்கப்பட்டவற்றில் கருக்கள் அதிகம் பிழைத்தன. மூன்றாம் நாள் குறைத்தபோது அந்த நன்மை தேய்ந்தது. உடலைப் பராமரிக்க மட்டும் தேவைப்படும் அளவைப்போல் இரு மடங்கைத் தொடர்ந்து தின்றவற்றில் இழப்பு மிகுந்தது. புரோஜெஸ்டிரோன் ஊசி கொடுத்தபோது அந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்க முடிந்தது. உங்கள் நண்பரின் அறிவுரைக்கு வேர் இதுதான், அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருப்பைக்கான புரோஜெஸ்டிரோன் முழுவதும் பொது இரத்த ஓட்டத்தைச் சுற்றித்தான் வர வேண்டும் என்பதில்லை. சூலகத்திலிருந்து அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் வழியாக ஒரு பகுதி நேரடியாகவே கருப்பையை அடைகிறது. அதனால் பிற்கால ஆய்வுகளின் முடிவுகள் ஒரே திசையில் அமையவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் பன்றிகளுக்கு ஒன்றரைக் கிலோ கொடுத்ததைவிட ஏறக்குறைய மூன்று கிலோ கொடுத்தபோது கருக்கள் நன்றாகவே பிழைத்தன. நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒருமுறையோ இருமுறையோ ஈன்ற இளம் தாய்ப்பன்றிகளுக்கு, மீண்டும் சேர்த்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாதம் இரண்டரைக் கிலோவுக்குப் பதிலாக மூன்றே கால் கிலோ கொடுத்தார்கள். அவற்றின் உடல் தேறியதுடன், அடுத்த ஈற்றில் சராசரியாக இரண்டு குட்டிகள் கூடுதலாகக் கிடைத்தன. சினை நிலைத்த விகிதம் அந்தக் குழுவில் சற்றுக் குறைந்திருந்தது; ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வந்த முடிவு இதுதான்: மிகை ஊட்டமும் பட்டினியும் இரண்டுமே கெடுதல், முதல் மாத அளவை நிர்ணயிக்க வேண்டியது, சேர்க்கும் அன்று அந்தப் பன்றி எந்த உடல்நிலையில் இருந்தது என்பதே.

உங்கள் பண்ணைக்கு இதைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். 140 கிலோ எடையுள்ள இளம் பன்றி உடலைப் பராமரிக்க மட்டும், கிலோவுக்கு 3,000 கிலோகலோரி வளர்சிதை ஆற்றல் (உடல் பயன்படுத்தக்கூடிய ஆற்றல்) கொண்ட தீவனத்தில் ஏறத்தாழ 1.4 கிலோ வேண்டும். நண்பர் சொல்லும் ஒன்றரைக் கிலோ இதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் உடலுக்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை. நீங்கள் கொடுக்கும் மூன்று கிலோவோ பராமரிப்புத் தேவையைப்போல் இரு மடங்கைத் தாண்டுகிறது. நல்ல உடற்கட்டுள்ள இளம் பன்றிகளுக்குச் சேர்த்த அன்றிலிருந்து முதல் வாரம் வரை 1.8 முதல் 2 கிலோ போதும். அதன்பின் 30ஆம் நாள் வரை 2 முதல் 2.2 கிலோவுக்கு வரலாம். குறைப்பதைச் சேர்த்த அன்றே தொடங்குங்கள். மூன்று நாள் கழித்துத் தொடங்கினால் அந்தக் குறைப்பால் பெரிய பயன் இல்லை.

ஈன்று பழகி, உடல் தேறியிருக்கும் பன்றிகளுக்கு 2.3 முதல் 2.5 கிலோ கொடுக்கலாம். முதல் ஈற்றுக்குப் பின் இளைத்துப்போனவற்றுக்கு, சேர்த்த முதல் இரண்டு நாட்கள் மட்டும் இரண்டரைக் கிலோவில் நிறுத்தி, மூன்றாம் நாளிலிருந்து 3 முதல் 3.25 கிலோ வரை ஒரு மாதம் கொடுங்கள். இவற்றின் தீவனத்தைக் குறைப்பது, என் கருத்தில், சிறு பண்ணைகளில் நடக்கும் தவறுகளிலேயே மிகவும் விலை கொடுக்க வைப்பது.

உடற்கட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பன்றிக்குப் பின்னால் நின்று, இடுப்பு எலும்பின் மேலும் முதுகுத்தண்டின் மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். கையை வைத்த உடனே எலும்பு முட்டினால் அது மெலிந்திருக்கிறது. சற்று அழுத்தினால் எலும்பு தட்டுப்படும் நிலைதான் நமக்கு வேண்டியது. எவ்வளவு அழுத்தினாலும் எலும்பு தெரியாவிட்டால் கொழுத்துவிட்டது. நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது மெலிவு ரோமத்திலும் தோல் மடிப்பிலும் மறைந்துவிடும், விரல்கள் ஏமாறுவதில்லை. சேர்க்கும் அன்றும் 30ஆம் நாளும் இதைச் செய்து, ஒவ்வொரு பன்றிக்கும் எதிரே மெலிவு, நடுத்தரம், கொழுப்பு என்று குறித்து வையுங்கள்.

தீவனம் அள்ளும் டப்பாவையும் எடை போட்டுப் பாருங்கள். ஒரே டப்பாவில் மாவுத் தீவனம் அள்ளினால் ஓர் எடையும் குருணைத் தீவனம் அள்ளினால் வேறோர் எடையும் வரும். தவிட்டின் பங்கு கூடினால் எடை இன்னும் இறங்கும். ஒவ்வொரு முறை கலவை மாறும்போதும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவின் உட்புறம் புதிய அளவுக்குக் கோடு போடுங்கள். மூன்று கிலோ என்று நீங்கள் நம்பிக் கொடுப்பது உண்மையில் இரண்டரையாகவோ மூன்றரையாகவோ இருக்கலாம். அது தெரியாமல் மேலே சொன்ன அளவுகளைக் கடைப்பிடிப்பதில் பொருளில்லை. இன்னொன்று: ஐந்து இளம் பன்றிகளை ஒரே கொட்டிலில் விட்டு ஒரே தொட்டியில் கொட்டினால், வலியது மூன்று கிலோவும் எளியது ஒரு கிலோவும் தின்னும். தீவனம் போடும் நேரத்திலாவது தனித்தனியே தடுத்து வைக்க வழி செய்யுங்கள்.

இப்போது, முன்னால் சொன்னதுபோல், சேர்ப்பதற்கு முந்தைய காலத்துக்கு வருவோம். இரண்டாம் ஈற்றில் குட்டிகள் குறைந்ததற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். குட்டிகளைப் பிரித்த 4 முதல் 7 நாட்களில் தாய் சூட்டுக்கு வருகிறது. அப்போது வெளிவரும் முட்டைகள் பால் கொடுக்கும் காலத்திலேயே வளரத் தொடங்கிவிட்டவை. பத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு ஆறு கிலோவுக்கும் மேல் தீவனம் தேவைப்படும். முதல் ஈற்றுப் பன்றியின் வயிறு அவ்வளவு கொள்ளாது. அது தன் உடலைக் கரைத்துப் பால் தருகிறது. அந்த இழப்பு உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் இன்சுலினும் அதைச் சார்ந்த வளர்ச்சிக் காரணிகளும் குறைந்து, முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. கருவானவையும் பிழைப்பது அரிதாகிறது. பால் கொடுக்கும் கடைசி வாரத்தில் மட்டும் தீவனத்தைக் குறைத்தாலே அடுத்த சினையில் கருக்கள் கூடுதலாக மடிகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆகவே பால் கொடுக்கும் தாய்க்கு ஈன்ற முதல் வாரத்தில் படிப்படியாக ஏற்றி, அதன்பின் அது தின்னும் அளவுக்குக் கொடுங்கள். மூன்று வேளையாகப் பிரித்து, வெயில் ஏறுமுன்பும் வெயில் தாழ்ந்த பின்பும் போட்டால் அதிகம் தின்னும். தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும். குழாயிலோ தொட்டியிலோ தண்ணீர் தாராளமாக வருகிறதா என்று தினமும் பாருங்கள். குட்டிகளைப் பிரித்த நாளிலிருந்து சேர்க்கும் வரையிலான சில நாட்களிலும் 3 முதல் 3.5 கிலோ கொடுங்கள். பால் வற்ற வேண்டுமென்று அப்போது பட்டினி போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மிகவும் மெலிந்துபோன முதல் ஈற்றுப் பன்றியை அந்தப் பருவத்தில் சேர்க்காமல், நன்றாகத் தீவனமிட்டு, 21 நாட்கள் கழித்து வரும் அடுத்த பருவத்தில் சேர்ப்பது ஒரு நல்ல வழி. மூன்று வாரத் தீவனச் செலவு கூடும். ஆனால் மெலிந்த பன்றிகளில் குட்டி எண்ணிக்கை அதை ஈடுகட்டும் அளவுக்கு உயர்வதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை.

இளம் பன்றிகளைப் பொறுத்தவரை, முதல் சூட்டிலேயே சேர்க்காமல் இரண்டாவது அல்லது மூன்றாவது சூட்டில் சேருங்கள். அதற்கு முந்தைய 10 முதல் 14 நாட்களில் தீவனத்தை மூன்று கிலோவுக்கு மேல் உயர்த்தினால், அதுவரை அளவாகத் தின்ற பன்றி ஒன்றிரண்டு முட்டைகள் கூடுதலாக விடும். நீங்கள் மூன்று கிலோவைச் சேர்த்த பின்பு கொடுக்கிறீர்கள். இளம் பன்றிகளுக்கு அது வர வேண்டிய இடம் சேர்ப்பதற்கு முந்தைய இரு வாரங்கள்.

மீண்டும் சூட்டுக்கு வந்த மூன்று பன்றிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 21ஆம் நாளில் வந்த இரண்டும் கருவுறவே இல்லை, அல்லது பன்னிரண்டாம் நாளுக்குள் எல்லாக் கருக்களையும் இழந்துவிட்டன. அவற்றைப் பொறுத்தவரை தீவனத்தைவிட, சேர்த்த நேரத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். பன்றி, சூட்டுக் காலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கடந்த பிறகே முட்டை விடுகிறது. முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கத் தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம் கழித்து ஒருமுறையும், அடுத்த 12 மணி நேரத்தில் மறுமுறையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள். வெயிலில் வாடிய பொலிப்பன்றியின் விந்துத் தரம் அதன்பின் சில வாரங்கள் குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 27ஆம் நாளில் வந்த பன்றியின் கதை வேறு: அதன் கருக்கள் தாய்க்குத் தங்களை அறிவித்து, சினை நிலைத்து, பிறகு முழுவதுமாக அழிந்திருக்கின்றன. தீவன அளவு குட்டி எண்ணிக்கையைக் குறைக்கும். சினை முழுவதையும் அழிப்பது அரிது. அதற்கு நோயோ, காய்ச்சலோ, கடும் வெப்பமோ, சண்டையோ, பூஞ்சை நச்சோ காரணமாக இருக்கக் கூடும்.

பூஞ்சை நச்சு என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மக்காச்சோளத்தை மொத்தமாக வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை ஜியரலினோன் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனைப்போலவே செயல்படும். சேர்த்த ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மட்டும் அதைத் தின்றாலே கருக்கள் குலைந்துபோகும். சூட்டுக்கு வராத இளம் பன்றிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தால் அது முக்கியமான எச்சரிக்கை. அப்படி எதுவும் தென்பட்டால் அந்தச் சரக்கைச் சினைப் பன்றிகளுக்குக் கொடுப்பதை அன்றே நிறுத்தி, மாதிரியைத் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். பூஞ்சை பிடித்த தானியத்தைக் காயவைத்தாலும் அரைத்தாலும் நச்சு போகாது.

முதல் மாதத்தில் பன்றிகளை இடம் மாற்றுவதையும் புதியவற்றுடன் கலப்பதையும் தவிர்த்துவிடுங்கள். கலக்கவேண்டிய கட்டாயம் இருந்தால் சேர்த்த இரண்டு நாட்களுக்குள் செய்யுங்கள், அல்லது 30 நாட்கள் தாண்டட்டும். எட்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை கடும் வெப்பம் தாக்கினால் கருக்கள் பெருமளவில் மடியும். அந்த நாட்களில் நிழலும் நீர்த் தெளிப்பும் காற்றோட்டமும் கட்டாயம்.

சத்து மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமச்சீரான சினைத் தீவனத்தில் வைட்டமின், தாது உப்புக் கலவை உரிய அளவில் இருந்தால், அதற்கு மேல் பாட்டில் மருந்து ஊற்றிக் குட்டி எண்ணிக்கையை உயர்த்த முடியும் என்று நான் நம்பவில்லை. வைட்டமின் ஏ குறைந்தாலும் கருவுக்குக் கேடு. அளவு மிஞ்சினாலும் கேடு. அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. 14ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள் வரை கொடுத்தபோது நஞ்சுக்கொடி வளர்ச்சியும் உயிருள்ள கருக்களின் எண்ணிக்கையும் கூடியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதையே சேர்த்த நாளிலிருந்து கொடுத்தபோது புரோஜெஸ்டிரோன் குறைந்து, கருக்களும் குறைந்தன. பொருள் ஒன்றுதான்; கொடுத்த நாட்கள் வேறு. தீவன அளவும் உடற்கட்டும் ஒழுங்குபடும் முன் இதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

சேர்த்த தேதி, அன்றைய உடற்கட்டு, கொடுத்த தீவன எடை, சூட்டுக்குத் திரும்பிய தேதி, பிறந்த குட்டிகள், அவற்றில் காய்ந்து கருத்துப் பிறந்தவை ஆகியவற்றை ஒவ்வொரு பன்றிக்கும் எழுதி வாருங்கள். காய்ந்த குட்டிகள் காணப்பட்டால் அவை 35ஆம் நாளுக்குப் பின் மடிந்தவை. அதற்குப் பார்வோ வைரஸ் போன்ற நோய்களைத் தேட வேண்டும், தீவனத்தை மாற்றிப் பயனில்லை. 24ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் இடையில் ஸ்கேன் செய்ய உங்கள் கால்நடை மருத்துவரிடம் வசதி இருந்தால் செய்துகொள்ளுங்கள். இப்போதுள்ள பன்றிகள் அடுத்த ஈற்றை முடித்ததும் அந்தக் குறிப்புகளுடன் மீண்டும் எழுதுங்கள்; இன்னொரு பன்றியும் 25 நாளுக்குப் பின் சூட்டுக்குத் திரும்பினால் மட்டும் அதுவரை காத்திராமல், இரத்த மாதிரி எடுக்க மருத்துவரை அழையுங்கள்.